குழி எடுத்தவன் சொல்வது

ரோசலின் ஓய்வு பெறப்போகிறார். அதற்காக எங்கள் பழைய அலுவலகத்தில் ஒரு மலர் வெளியிடுகிறார்கள், வழுவழுப்பான தாளில், வண்ணப் படங்களோடு. நான் ஓய்வு பெற்ற அன்றைக்கு ஒரு சால்வை, ஒரு சுவர்க்கடிகாரம், ஆளுக்கொரு தட்டில் கேசரி. கடிகாரம் நன்றாகத்தான் ஓடுகிறது, குறை சொல்ல முடியாது.

மலர் வேலையைப் பார்ப்பது நிவேதா என்ற, புதிதாகச் சேர்ந்த பெண். போன வாரம் போன் செய்தாள். “சார், ரோசலின் மேடம் போட்ட மழைத்தோட்டம் பத்தி நீங்க எழுதித் தரணும். நீங்க அப்ப கூடவே இருந்தீங்கல்ல?” என்றாள்.

கூடவே இருந்தேனாம். கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழன் நிற்பதுபோல நின்றேன் என்று நினைத்துவிட்டாள். அந்தப் பெண்ணைச் சொல்லிக் குற்றமில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் கேட்டது ரோசலின் தோட்டம், ரோசலின் தோட்டம் என்றுதான். ஒரு மழைத்தோட்டத்தில் பாதிதான் செடி, மீதிப் பாதி குழி என்பதும், அந்தக் குழியை ஒருவன் வெயிலில் நின்று எடுத்தான் என்பதும் அவளுக்கு யார் சொல்லியிருக்கப் போகிறார்கள்? சரி, நானே எழுதுகிறேன். அச்சில் போட்டால் போடட்டும், போடாவிட்டால் போகட்டும்.

தரமணியில் சிவில் டிப்ளமா படித்தேன். முடித்ததும் ஒரு காண்ட்ராக்டரிடம் சேர்ந்து அசோக் நகர், கே.கே. நகர் பக்கமெல்லாம் வடிகால் போட்டேன். மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று வந்த காலத்தில் வீட்டுக்கு வீடு மொட்டைமாடிக் குழாயை இறக்கி ஒரு தொட்டிக்குள் விட்டேன். பாதித் தொட்டிகளில் தண்ணீர் இறங்கவே இறங்காது. அதிகாரி வந்து பார்ப்பார், குழாய் இருக்கிறதா, இருக்கிறது, போய்விடுவார். இப்படிப் பல வருஷம் ஓடிப்போனது. பிறகுதான் அடையாறில் லலிதா மேடத்தின் அலுவலகத்துக்கு வந்தேன்.

மேடம் கட்டடக்கலை படித்தவர். தோட்டம் அமைத்துத் தரும் அலுவலகம் நடத்தினார். அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஒரு மழையைப் பார்க்காமல் எந்த வீட்டுக்கும் வரைபடம் போட மாட்டார். வாடிக்கையாளர் மே மாதத்தில் வந்து நின்றாலும், “மழை வரட்டும், வந்து பார்க்கிறேன்” என்று திருப்பி அனுப்பிவிடுவார். கோபித்துக்கொண்டு வேறு இடம் போனவர்கள் நிறையப் பேர். மேடத்துக்கு அதைப் பற்றிக் கவலை கிடையாது.

வானம் கறுத்தால் போதும், அலுவலகத்தில் எல்லோரும் சன்னலை மூடுவோம், அவர் செருப்பை மாட்டுவார். ஒரு கையில் குடை, இன்னொரு கையில் பிளாஸ்டிக் பை நிறைய மரத்தூள். மழை வலுக்கும்போது அந்த வீட்டு முற்றத்தில் நின்று மரத்தூளை ஒரு பிடி தூவுவார். ஒரு வார்த்தை பேச மாட்டார், எங்களையும் பேச விட மாட்டார். மரத்தூள் தண்ணீரோடு எந்தப் பக்கம் நகர்கிறது, எங்கே தேங்குகிறது, எங்கே சுற்றுகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பார். நான் பின்னாலேயே போய், அது நின்ற இடத்தில் மூங்கில் குச்சி நட்டு சிவப்பு ரிப்பன் கட்டுவேன். மழை விட்டபிறகு முற்றத்தைப் பார்த்தால் தண்ணீர் போன வழியெல்லாம் ரிப்பன் நிற்கும். “இப்ப வரைங்க, மாணிக்கம்” என்பார். என்னைப் பெயர் சொல்லி அழைத்து ஒரு வேலையைக் கொடுத்தது வாழ்க்கையில் அவர் ஒருவர்தான்.

மழைத்தோட்டம் என்றால் சிலர் குளம் என்று நினைக்கிறார்கள். குளம் இல்லை. கூரையிலிருந்தும் முற்றத்திலிருந்தும் ஓடி வீணாகும் மழைத்தண்ணீரை, முழங்கால் ஆழத்துக்கு மேற்படாத ஒரு பள்ளத்தில் திருப்பிவிட்டு, அங்கேயே மண்ணுக்குள் இறக்குவது. ஒரு நாளைக்குள் இறங்கிவிட வேண்டும். தங்கினால் கொசு வரும், கொசு வந்தால் பக்கத்து வீட்டுக்காரர் வருவார். சுவரிலிருந்து தள்ளி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அஸ்திவாரத்துக்கு ஈரம் போகும். முதலில் ஒரு சின்னக் குழி தோண்டி, தண்ணீர் ஊற்றி, மண் ஊறும்வரை விட்டு, மறுபடி ஊற்றி, ஒரு குச்சியில் கோடு போட்டு எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். பெசன்ட் நகர் மணலில் ஊற்றி முடிப்பதற்குள் காணாமல் போகும். தி.நகர் களிமண்ணில் ஊற்றிவிட்டு ஊருக்குப் போய்த் திரும்பலாம். இவ்வளவும் பார்த்து, தண்ணீர் நிரப்பிய டியூப்பை வைத்து மட்டம் பிடித்து, சரிவு கொடுத்து, நிரம்பினால் வழிந்துபோக வழி வைத்து, நான் குழியை முடித்துக் கொடுப்பேன். அதன்பிறகு ரோசலின் ஒரு கூடையைத் தூக்கிக்கொண்டு வருவார்.

ரோசலின் சாந்தோம்காரர். பல தலைமுறையாக அங்கேயே இருக்கிற மாதா கோயில் குடும்பம். அம்மா டீச்சர், அக்கா டீச்சர், இவரும் ஒரு பள்ளிக்கூடத்தில் தாவரவியல் எடுத்துக்கொண்டிருந்தார். செடிகளுக்கு ஆலோசனை சொல்ல சனிக்கிழமைகளில் வந்துபோனவரை மேடம் முழுநேரமாக வைத்துக்கொண்டார். நர்சரியில் காசு கொடுத்து வாங்கும் குரோட்டன்ஸ், அரளி எதையும் தொட மாட்டார். நம்ம ஊர் மண்ணில் தானாக முளைப்பதுதான் வேண்டும் என்பார். தரமணி ரயில் நிலையத்தை ஒட்டிய காலி மனைகளிலும் பக்கிங்காம் கால்வாய்க் கரையிலும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி, வேரோடு பிடுங்கிவந்து, அலுவலகப் பின்கட்டில் பைகளில் வளர்ப்பார். மழையில் முங்கினாலும் அழுகக் கூடாது, மழை போனபின் எட்டு மாதம் காய்ந்தாலும் சாகக் கூடாது, அப்படிப்பட்ட செடி அவருக்கு வேண்டும்.

“என்ன ரோசலின், களையெல்லாம் விலைக்கு விக்கிறீங்களா?” என்று கேட்டேன்.

“களைன்னு நீங்க சொல்றீங்க. அதுங்க ஒண்ணும் சொல்லல சார்” என்று சிரித்தார்.

இந்தச் சிரிப்புதான் எனக்கு ஆகாது. எதைச் சொன்னாலும் உறைக்காது. வாடிக்கையாளர் வீட்டுக்கு நான் போய் மணியடித்தால் கதவைத் திறந்ததும் என் தோளுக்கு மேலே பார்ப்பார்கள். “ரோசலின் வரலையா?” என்பார்கள். நான் வந்திருக்கிறேனே ஐயா, ஆறடி ஆள், கண்ணுக்குத் தெரியவில்லையா? மண்ணைக் கிளறி, சல்லி கொட்டி, குழாய் புதைத்து வாரக்கணக்கில் நான் நாய்படாத பாடு படும்போது அவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள், வீடெல்லாம் புழுதி என்பார்கள். ரோசலின் ஒரு நாள் வந்து நட்டுவிட்டுப் போவார். ரெண்டு மாதத்தில் பூக்கும், பட்டாம்பூச்சி வரும். பட்டாம்பூச்சி வந்தால் போன் அவருக்கு. தண்ணீர் வழிந்தால் போன் எனக்கு.

இதெல்லாம் சில்லறை வயிற்றெரிச்சல். பெரிய வயிற்றெரிச்சல் தி.நகரில் வந்தது.

அது பத்மா மாமியின் வீடு. மயிலாப்பூரில் பிறந்து தி.நகரில் வாக்கப்பட்டவர், அப்போதே எழுபதை நெருங்கியிருந்தார், தனியாக இருந்தார், மகன் பெங்களூரில். ஓட்டுக்கூரையும் மொட்டைமாடியும் கலந்த பழைய வீடு, முன்னால் நல்ல முற்றம். தெருவை மறுபடி மறுபடி சுரண்டாமலே தார் போட்டுப் போட்டு ஏற்றியதில் வீடு பள்ளத்தில் உட்கார்ந்துவிட்டது. ஐப்பசி வந்தால் முற்றத்தில் தண்ணீர், கார்த்திகையில் கூடத்துக்குள் தண்ணீர். அந்தப் பகுதியே ஒரு காலத்தில் ஏரி என்பது எல்லோருக்கும் தெரியும். கடப்பாரையைப் போட்டால் ஒட்டிக்கொள்கிற களிமண். மேடத்திடம் எல்லோரும் இந்த வேலை வேண்டாம் என்றார்கள். நான் வேண்டும் என்றேன். காரணத்தை ஒளிப்பானேன்? இங்கே ஜெயித்தால் அது குழியின் வெற்றியாக மட்டும்தான் இருக்க முடியும். எந்தச் செடியும் வந்து பங்கு கேட்க முடியாது. என் பெயரை ஒருவராவது சொல்லியே ஆக வேண்டும் என்று கணக்குப் போட்டேன்.

முதல் மழைக்குப் போனோம். மேடம் மரத்தூள் தூவினார். தெருத் தண்ணீர் கேட் வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தது. அதை வாசலில் ஒரு மேடு கட்டி நிறுத்திவிடலாம். ஆனால் வீட்டின் மேல் விழுகிற தண்ணீர்? வழக்கமாக, பள்ளம் நிரம்பினால் மிச்சம் தெருவுக்கு வழிந்துவிடும்படி செய்வேன். இங்கே தெரு உயரம், முற்றம் பள்ளம். வெளியேற வழியே கிடையாது. மேடம் முகம் சுருங்கியது.

அப்போதுதான் பார்த்தேன். மரத்தூள் எல்லாம் மெதுவாக முற்றத்தின் தெற்குப் பக்கம் போய், அங்கே இருந்த துளசி மாடத்தைச் சுற்றி வந்தது. சுற்றிச் சுற்றி வந்து, மாடம் நின்றிருந்த வட்டமான சிமெண்ட் பலகையின் ஓரத்தில் உள்ளே போய் மறைந்தது. நான் குனிந்து காதை வைத்தேன். கீழே எங்கேயோ சொட்டுச் சொட்டென்று விழுந்தது. கடப்பாரையின் பின்பக்கத்தால் பலகையைத் தட்டினேன். ‘டங்’ என்று வெற்றுச் சத்தம்.

“மாமி, இதுக்குக் கீழ என்ன இருக்கு?” என்று கேட்டேன்.

“கெணறுன்னா. எங்க மாமனார் மூடினது. கொழந்தைகள் விளையாடறது, விழுந்துடப்போறதுன்னு பலகை போட்டுட்டு, அது மேல மாமியார் மாடத்தக் கட்டிண்டுட்டா” என்றார் மாமி.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. களிமண்ணுக்குக் கீழே மணல் வரைக்கும் போகிற ஒரு கிணறு, சுற்றிலும் போர் போட்டு உறிஞ்சியதில் காலியாகக் கிடக்கும். பள்ளத்தில் வடிந்ததுபோக மிச்சத்தை வண்டல் தொட்டியில் தெளியவைத்து அதற்குள் விட்டுவிட்டால் தீர்ந்தது. மேடம் என் தோளைத் தட்டி, “மாணிக்கம், பிரமாதம்” என்றார். மழையில் நனைந்துகொண்டே நான் பெரிய மனிதனாகி நின்றேன். அந்த மகிழ்ச்சி அந்த ஒரு மழை மட்டும்தான்.

மாடத்தை நகர்த்த வேண்டும் என்றதும் மாமி மாட்டேன் என்றுவிட்டார்.

“கெணத்துல ஜலத்த விடுங்கோ, நான் வேண்டாங்கல. மாடத்த நகத்தப்படாது. கல்யாணமாகி இந்த ஆத்துக்கு வந்த நாள்லேர்ந்து கார்த்தால அதுக்கு ஒரு சொம்பு ஜலம் விடாம நான் காபி குடிச்சதில்லை.”

நான் வரைபடத்தோடு போனேன். டியூப்பைப் பிடித்து, தெரு எவ்வளவு உயரம், கூடம் எவ்வளவு பள்ளம் என்று கண் முன்னால் காட்டினேன். மறுபடி போனேன். பக்கத்திலேயே புது மாடம், கருங்கல்லில், எங்கள் செலவிலேயே என்றேன். மாமி காபி கொடுத்தார், எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார், கடைசியில், “நீங்க சொல்றதெல்லாம் நன்னாத்தான் இருக்கு. ஆனா வேண்டாம்” என்றார். இப்படியே நாள் போனது. அடுத்த மழை கூடத்துக்குள் வந்தது. அப்போதும் வேண்டாம் என்றார்.

பிறகு ஒரு நாள் ரோசலின், என்ன செடி வைக்கலாம் என்று இடத்தைப் பார்க்க வந்தார். நானும் இருந்தேன். நேராக மாடத்துக்கு முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தார்.

“மாமி, இத நான் தொடலாமா?”

“குளிச்சுட்டுத்தான் தொடணும்னு ஒரு வழக்கம்...”

“அப்ப நான் தொடல. எலை ஏன் மாமி இவ்ளோ சின்னதா இருக்கு?”

மாமியின் முகமே மாறிவிட்டது. “அத ஏன் கேக்கற! பக்கத்துல அபார்ட்மெண்ட் வந்ததுலேர்ந்தே இப்படித்தான். மாத்தி மாத்தி வெச்சுண்டிருக்கேன். ஒண்ணும் நிக்கமாட்டேங்கறது. என் பக்தியிலதான் ஏதோ கொறைன்னு நெனைச்சுண்டேன்.”

“பக்தியெல்லாம் இல்ல மாமி, நெழல். காலை வெயில் இங்க விழவே இல்ல. அதோ, அந்தக் கிழக்கு மூலையில பாருங்க, எப்படி விழுது. துளசி அங்க இருந்தா புதராயிடும்.”

அவ்வளவுதான். கிணறு என்ற வார்த்தையை ரோசலின் எடுக்கவே இல்லை. மாமி அவர்கள் வீட்டு சாஸ்திரிகளைக் கேட்டு, நாள் பார்த்து, தானே முன்னால் நின்று மாடத்தைக் கிழக்கு மூலைக்கு மாற்றிக்கொண்டார். போன் செய்து சொன்னது யாருக்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. மாடத்தின் நீளம், அகலம், உயரம், எடை எல்லாம் என்னிடம் இருந்தன. அதற்குள் ஒரு செடி இருந்ததை நான் பார்க்கவில்லை. சரி, செடிக்காரி செடியைப் பார்க்கத்தான் செய்வார், அதில் என்ன அதிசயம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லச் சொல்ல எரிச்சல் கூடியது.

பலகையைத் திறக்க ஏழுமலையை அழைத்துவந்தேன். அடையாற்றங்கரையில் குடிசை இருந்தவர். குடிசைகளை இடித்து எல்லோரையும் ஊருக்கு வெளியே கொண்டுபோய்ப் போட்டுவிட்டார்கள், அங்கிருந்து பஸ் மாறி வருவார். கிணற்று வேலையில் அவர் சொல்வதற்கு மேடமே மறுப்புச் சொல்ல மாட்டார்.

“நைனா, தொறந்த ஒடனே எட்டிப் பாக்காத. இத்தினி வருசமா மூடிக்கினு இருந்த காத்து, உள்ள இன்னா கீதுன்னு யாருக்குத் தெரியும்?” என்றார். பலகையை நெம்பித் தள்ளிவிட்டு அப்படியே விட்டோம். மறுநாள் ஒரு வாளியில் விளக்கை ஏற்றிவைத்து மெதுவாக இறக்கினார். பாதியில் அணைந்தது. இன்னும் ஒரு நாள் விட்டோம். அடுத்த தடவை அடி வரைக்கும் போய் எரிந்தது. “வெளக்கு நின்னுக்கினு கீது. எறங்கலாம்” என்று இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டார். அடியில் சேறுதான், தண்ணீர் இல்லை. சேற்றை வாரி எடுத்தபின் மணல் தெரிந்தது.

பிறகு பள்ளம். களிமண்ணில் பள்ளம் எடுப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எடுத்த பள்ளத்துக்குள் ஆள் இறங்கி மிதிக்கக் கூடாது. மிதித்தால் பானைக்கு மெழுகியதுபோல அடி மூடிக்கொள்ளும், தண்ணீர் இறங்காது. கரையில் நின்றே தோண்ட வேண்டும், கடைசியில் கடப்பாரையால் அடிமண்ணைக் குத்திக் குத்திப் பிளந்துவிட வேண்டும். ஆற்றுமணலும் தொழுவுரமும் கலந்து நிரப்ப வேண்டும். கூரைத் தண்ணீர் விழும் இடத்தில் கல் அடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மண்ணை அரித்துவிடும். வழியும் குழாயின் வாய் பள்ளத்தின் கரையைவிடக் கொஞ்சம் தாழ்வாக, வீட்டுக் கூடத்தைவிட நிறையவே தாழ்வாக இருக்க வேண்டும். அந்த மட்டத்துக்கு மட்டும் நான் டியூப்பை எத்தனை தடவை பிடித்தேன் என்று ஏழுமலையைக் கேட்டால் தெரியும். “இன்னா சார், பொண்ணு பாக்கறாமாரி பாத்துக்கினே கீறியே” என்று அலுத்துக்கொண்டார்.

குழி முடிந்தது. ரோசலின் கூடையோடு வந்தார். அடியில் நீர்முள்ளியும் கோரையும், நடுவில் வல்லாரையும் பொடுதலையும், சரிவில் வெட்டிவேர், கரையில் நொச்சி, தும்பை, வேலியோரம் சங்குப்பூ. நான் எடுத்த சரிவு முழுக்கப் பச்சையில் மறைந்தது. நான் அடுக்கிய கல்லைக்கூட வல்லாரை மூடிவிட்டது.

அந்த வருஷம் புரட்டாசியில் தொடங்கிய மழை ஐப்பசியில் புயலாக வந்தது. அலுவலகத்துக்கு யாரும் வரவில்லை. மேடம் போனில், “போக வேண்டாம் மாணிக்கம், காலையில பாத்துக்கலாம்” என்றார். எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. சைதாப்பேட்டையிலிருந்து முழங்கால் தண்ணீரில் நடந்தே போனேன். பனகல் பார்க் பக்கம் தெருவும் நடைபாதையும் ஒன்றாகக் கிடந்தது. மாமி வீட்டு வாசல் மேட்டைத் தாண்டி எட்டிப் பார்த்தேன். பள்ளம் நிரம்பித் ததும்பிக்கொண்டிருந்தது. கூடத்தின் முதல் படிக்குத் தண்ணீர் எட்டவில்லை. குழாய் வாயில் சுழித்து இறங்கி, வண்டல் தொட்டியில் தெளிந்து, கிணற்றுக்குள் அருவிபோல விழுந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அப்படியே நின்றேன். என் மட்டம், என் குழாய், நான் கண்டுபிடித்த கிணறு. என் வாழ்க்கையில் நான் செய்த வேலை ஒன்று சத்தம் போட்டுப் பேசியது அன்றைக்குத்தான்.

மாமி வாசற்படியில் கைபேசியோடு நின்றார். என்னைப் பார்த்ததும் கையை அசைத்து, கொஞ்சம் இருங்கோ என்பதுபோல சைகை காட்டினார். கைபேசியைக் கிணற்றுப் பக்கம் நீட்டிக்கொண்டு கத்தினார்.

“ரோசலின்! கேக்கறதாடீ? கெணத்துல ஜலம் விழற சத்தம் கேக்கறதா? நீ தொறந்து குடுத்த கெணறுடீம்மா! ஆத்துக்குள்ள ஒரு சொட்டு வரலை!”

நான் தொப்பலாக நனைந்து அவருக்கு மூன்றடி தள்ளி நின்றேன். பேசி முடித்துவிட்டு மாமி ஒரு துண்டு கொடுத்தார். சூடாகக் காபியும் கொடுத்தார். பிறகு அன்பாகக் கேட்டார்: “நீங்க ரோசலின் ஆபீஸ்தானே? உங்க பேர் என்ன சொன்னேள்?”

காபி நன்றாக இருந்தது. அதையும் எழுதிவிட வேண்டும்.

பின்னால் ஒரு பத்திரிகையிலிருந்து படம் எடுக்க வந்தார்கள். நீர்முள்ளி ஊதாவாகப் பூத்துக் கிடந்தது. ரோசலின் நடுவில் உட்கார்ந்தார். அவரே என்னையும் கூப்பிட்டு நிற்கச் சொன்னார். படம் எடுப்பவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, “சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. பூவ மறைக்கிறீங்க” என்றார். தள்ளி நின்றேன். இன்னும் கொஞ்சம் என்றார். வெளியான படத்தில் என் முழங்கை இருக்கிறது. அந்தப் படத்துக்குப் பிறகு அலுவலகத்துக்கு வேலை குவிந்தது. அத்தனை பேரும் கேட்டது ரோசலின் மாதிரித் தோட்டம். அத்தனைக்கும் குழி எடுத்தது நான். ஓய்வு பெறும்வரை எடுத்தேன், ஒவ்வொரு குழியிலும் கொஞ்சம் வயிற்றெரிச்சலையும் சேர்த்தே போட்டேன்.

இப்போது மலருக்காக நிவேதா போன வாரம் எங்கள் இரண்டு பேரையும் அந்த வீட்டுக்கு அழைத்துப் போனாள். மாமி மகனோடு பெங்களூர் போய்விட்டார். வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். இப்போது அது துணிக்கடை, வெளியே கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி. முற்றத்துக்குள் நுழைந்ததும் நிவேதா கேமராவை இறக்கிவிட்டாள். ஒரு செடி இல்லை. பள்ளம் முழுக்கக் கம்பளம்போலப் புல் விரித்து, கரையில் பெரிய பெரிய தொட்டிகளில் ஏதோ வெளிநாட்டுப் பனை வைத்திருந்தார்கள். நொச்சி இருந்த இடத்தில் ஒரு பொம்மைக் கொக்கு.

ரோசலின் கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் ஏதோ குளிர்ந்தது. ஆயிற்றா? இத்தனை வருஷப் பூவும் படமும் போனும் ஆயிற்றா?

கடை மேனேஜர், நல்ல பையன், ஓடிவந்தான். “அதெல்லாம் களை மாதிரி இருந்துச்சு மேடம், கஸ்டமர் வர்ற எடம் பாருங்க, அதான் எடுத்துட்டோம். ஆனா இந்தப் பள்ளம் இருக்கே, செம வேலை! பக்கத்துக் கடையெல்லாம் தண்ணியில நிக்குது, நம்ம கடைக்குள்ள வந்ததே இல்ல. யாரு போட்டாங்கன்னே தெரியல.”

நான் பல வருஷமாகக் காத்திருந்த வார்த்தை. நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

“இவர்தான்” என்றார் ரோசலின். “மாணிக்கம் சார். இந்தக் கெணத்த யாருக்கும் தெரியாது, மரத்தூள் சுத்தறத பாத்து இவர்தான் கண்டுபிடிச்சாரு. களிமண்ணு மிதிபடக் கூடாதுன்னு கரையில நின்னே தோண்ட வெச்சாரு. அந்தக் கொழாய் வாய் இருக்குல்ல, அது ஒரு விரக்கடை ஏறியிருந்தாக்கூட உங்க கடைக்குள்ள தண்ணி வந்திருக்கும். அதுக்காக டியூப்ப வெச்சுக்கிட்டு ரெண்டு நாள் முழுசா வெயில்ல நின்னாரு. சல்லி போடுறப்ப பெருசு கீழ, சிறுசு மேலன்னு ஒவ்வொரு கூடையையும் பாத்துத்தான் போட வெச்சாரு. புயல்ல இவர் மட்டும்தான் நடந்தே வந்து பாத்தாரு.”

மேனேஜர் என் கையைப் பிடித்துக் குலுக்கினான். நிவேதா என்னைப் படம் எடுத்தாள், தள்ளி நிற்கச் சொல்லவில்லை. பெருமையாக இருந்திருக்க வேண்டும். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை வர வேண்டுமென்றால் அதுவும் அவர் வாயிலிருந்துதான் வர வேண்டுமா? அதுவும் அவருடைய செடி ஒன்றுகூட மிச்சமில்லாத இடத்தில் நின்றுகொண்டா? நானாக இருந்தால் சொல்லியிருப்பேனா?

பதிலுக்கு நானும் ஏதாவது சொல்ல வேண்டும் என்று ரோஷம் வந்தது. மேனேஜரைப் பார்த்துத் திரும்பினேன். “தம்பி, களைன்னு சொல்லாதீங்க. இந்த அம்மா இங்க என்னவெல்லாம் நட்டிருந்தாங்க தெரியுமா?” என்று ஆரம்பித்தேன். “வெட்டிவேர் இருந்துச்சு. கோரை இருந்துச்சு. அப்புறம்...”

அப்புறம் ஒன்றும் வரவில்லை. ஊதாவாகப் பூத்ததே, அதன் பெயர் என்ன? கல்லை மூடிக்கொண்டு படர்ந்ததே, அது? நான் விரலை மடக்கிக்கொண்டு நின்றேன். மேனேஜர் மரியாதையாகக் காத்திருந்தான். ரோசலின் குனிந்து புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார், எடுத்துக்கொடுக்கவில்லை.

மேலே நான் எழுதியிருக்கிற செடிகளின் பெயரெல்லாம் நேற்று ரோசலினுக்குப் போன் போட்டுக் கேட்டு எழுதியவை. ஒவ்வொன்றாக, நான் எழுதி முடிக்கும்வரை காத்திருந்து, நிதானமாகச் சொன்னார்.